நூற்றிருபது புள்ளி அகலம்

கொரடாச்சேரிப் பக்கத்துக் கொள்முதல் நிலையத்துக்கு
நான் எழுதிக் கொடுத்த சாளரத்தில்
பட்டியல் பெட்டி
நூற்றிருபது புள்ளி அகலம், ஏழு வரி உயரம்.
வீட்டில் ராமு, சோமு என்று நிரப்பிப் பார்த்தேன்.
அழகாகத்தான் இருந்தது.

சம்பா வந்தது.
கலியபெருமாள் சிங்கார
என்பதோடு விளிம்பில் அறுந்தது ஒரு பெயர்.
அடுத்த வரியும்
கலியபெருமாள் சிங்கார.
ஒருவர் சிங்காரவேலு மகன், மற்றவர் சிங்காரம் மகன்.
பில் போடும் ஜொஹரா மேலே இருந்ததைச் சொடுக்க
நாற்பத்தெட்டு மூட்டைப் பணம்
பதினாறு மூட்டைக்காரர் கணக்கில் போய் உட்கார்ந்தது.

மறுநாள் முதல் பஸ்.
எடைமேசை ஓரம், சாக்குக் கட்டின் மேல்
மடிக்கணினியைத் திறந்தேன்.
முதுகுக்குப் பின்னால் இரண்டு கலியபெருமாள்களும்.
விளிம்பைப் பிடித்து வலப்புறம் இழுத்தேன்.
"வரப்ப இப்படி நவுத்துனா வெட்டுக்குத்தாயிடும் பாப்பா,"
என்றார் நாற்பத்தெட்டு.
இங்கேயும் பக்கத்தில் ஆள் உண்டு:
'சேர்' பொத்தான் நகர்ந்தது,
'திருத்து' நகர்ந்தது,
'நீக்கு' சாளரத்துக்கு வெளியே விழுந்து
காணாமல் போனது.

"வேலு தெரியுதா?"
தெரிந்தது.
பதினாறு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
தன் வரியை மட்டும் மூன்று முறை படித்தார்.

உயரத்தையும் இழுத்தேன், இருபது வரி.
ஏழுக்குக் கீழே கிடந்தவர்கள் எல்லாம்
உருட்டாமலே முகம் காட்டினார்கள்.
வெளியே தூறல்.
தார்ப்பாயை ஆளுக்கொரு மூலை பிடித்து இழுத்தார்கள்;
இந்தப் பக்கம் மூடினால்
அந்தப் பக்கம் அம்பாரம் தெரிந்தது.

கிளம்பும்போது ஜொஹரா கேட்டாள்:
"அந்த நீக்கு பொத்தான்?"
அறுவடை முடியட்டும் என்றேன்.