ஒழுகும் கோப்பை

ஐப்பசி மழையில் போஜனின் கேரட் வயல்
பாதி ரோட்டுக்கு வந்துவிட்டது.
ஜேசிபி ஒதுக்கிய குவியலில் இருந்து
ஏழு சாக்கு அள்ளி வந்தேன்.
யாரையும் கேட்கவில்லை.

சிவப்பு வில்லையில் கீறிய பத்து சென்டிமீட்டர் கோடு
சுட்டபின் எட்டே முக்கால்.
வயலின் அடியில் கிடந்த வெள்ளை, ஒன்பதரை.
இரண்டையும் முறுக்கிப் பிசைந்தால்
ஒன்று இழுக்கிறது, மற்றது வர மறுக்கிறது.
சேர்ந்த இடத்தில் மயிரிழையாய்ப் பிளவு.
ஆறு கிண்ணம் போயிற்று.

உடைந்ததை இடித்துச் சலித்துத் திரும்பக் கலந்தேன்.
சதுப்பில் இருந்து கறுப்பும் ஒரு பிடி.
சூளைக்குள் அது கறுப்பை எங்கோ விட்டுவிட்டு
வெளுத்த காவியாய் வெளியே வந்தது.
நோட்டில் எழுதினேன்: கறுப்பு, பொய்.

கேரட் சாக்கின் வலையை அழுத்தினால் மீன் செதில்.
கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை உருட்டினால்
சொறி பிடித்த முதுகு.
ஸ்வெட்டர் கையை ஒற்றினேன்,
பின்னலின் ஒவ்வொரு கண்ணும் விழுந்தது,
முழங்கையில் நான் போட்ட கோணல் தையலும்.

மூடுபனியில் எதுவும் காயவில்லை. பதினோரு நாள்.
அதற்குள் ஒரு நத்தை
கோப்பை ஒன்றை முழுக்கச் சுற்றிவிட்டுப் போயிருந்தது.
நான் யோசித்த எதையும்விட நல்ல கோடு.

தை மாதம் போஜன் வந்தான்,
கட்டபெட்டு பஸ்ஸில் இறங்கி நேராக.
"என் மண்ணை எடுத்தீங்களாமே."
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

நத்தைக் கோப்பையைத் தானே எடுத்தான்.
மெதுவாகத் திருப்பினான்.
"இது மேல்பாத்தி.
இது பைப் உடைஞ்ச இடம்.
இந்த வெள்ளையை நான் பாத்ததே இல்ல.
இவ்ளோ நாளும் அடியிலயா இருந்துச்சு?"
நகத்தால் ஒரு வரியைத் தொடர்ந்து போய்
அது மடிந்து கீழே இறங்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டான்.

விலை பேசுவான் என்று நினைத்தேன்.
டீ கேட்டான், அதே கோப்பையில்.
பாதி குடிப்பதற்குள் மேசையில் ஈர வட்டம்.

"ஒழுகுதுங்க."
"கிளேஸ் போடலை. சூடும் பத்தலை."
"வயலும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.
கீழ ஈரமாவே இருக்கும்."

மிச்சத்தை ஒரே மடக்கில் முடித்தான்.
கோப்பையைக் குல்லாவில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றான்.
"இன்னும் வேணும்னா அள்ளிக்குங்க.
மேல பாதி நிக்குதே, அதுலயும் விரிசல் விட்டிருக்கு.
ஆனா மத்தியானத்துக்கு முன்னாடி போங்க,
நானும் கூட வந்து நிக்கிறேன்."

மேசையில் அந்த வட்டம் காய
இரண்டு நாள் பிடித்தது.