அரைப் பேர்

மூன்று மணி வரைக்கும்தான் அருவி என்றாள்
டிக்கட் கிழிக்கிற பெண்.
மேலே அணையில் கதவு திறந்தால்
கீழே இங்கே விழும்.
மற்ற நாளில் அது கரண்டாகி
எங்கெங்கோ பல்பில் எரிகிறது.
இன்றைக்குப் போயா, விட்டிருக்கிறார்கள்.

பெரியவருக்கு இருநூறு, பிள்ளைக்கு நூறு.
ஐந்நூறு ரூபாய்த் தாளை
இரண்டு தரம் தடவிவிட்டு நீட்டினார் இவர்.

சாப்பாட்டுப் பை என் தோளை அறுத்தது.
ஆறு ரொட்டி, கட்டச்சம்பல், ஒரு பிளாஸ்க் சாயம்.
இதற்கு இவ்வளவு பாரம் வராதே என்றேன்.
"தண்ணிப் போத்தல்" என்றார்,
என் முகத்தைப் பார்க்காமல்.

டர்பன்டைன் மரங்களுக்குள் நடைபாதை.
கல் பதித்து, சங்கிலி கட்டி,
மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் பெஞ்சு போட்டு.
இது ஏழாம் நம்பர் மலையாக இருந்தபோது
படங்கு கட்டிக்கொண்டு
இதே சரிவில் கொழுந்தெடுத்திருக்கிறேன்.
அப்போது அருவி என்றால்
முதுகுக்குப் பின்னால் ஓர் இரைச்சல், அவ்வளவுதான்.
முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.
வெள்ளையாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கோணல்.

தொங்கு பாலத்தின் வாயில்
மூன்று மொழியில் பலகை.
தமிழில் மட்டும்
"ஒரே நேரத்தில் பத்துப் பேய்."
யதுர்ஷன் எழுத்துக்கூட்டி உரக்க வாசித்துவிட்டு
ஆற்றுக்குள் எட்டிப் பார்த்தான்.

பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் கூலி.
கிலோ குறைந்தால் அரைப் பேர்.
காவலுக்கு நின்ற சுமித் விரல் மடக்கி எண்ணினார்:
குருநாகல் குடும்பம் எட்டு, நாங்கள் இரண்டு.
பிள்ளையைப் பார்த்து யோசித்து,
"சின்னவர் பாதிதானே, போங்க" என்றார்.

எல்லோரும் அருவியைப் பார்த்து நடந்தார்கள்.
இவர் காலடியைப் பார்த்து.
இருநூற்றுப் பதினாறு நட்டு.
இடதுகைப் பக்கம் முழுக்க இவர் முறுக்கியது,
பத்து மாதக் கொந்தராத்தில்.
திறப்பு விழாவுக்கு முந்தின நாளே
கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.
கொஞ்சம் போட்டோவுக்கு நில்லுங்க என்கிறேன்,
நூற்றி ரெண்டு, நூற்றி மூணு என்கிறார்.

பாலம் ஆடியது.
குருநாகல் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.
பயப்படாதீங்க, என் வீட்டுக்காரர் கட்டினதுதான் என்று
தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.
ஒரு தரம் இவரைப் பார்த்தாள்.
பிடி இன்னும் இறுகியது.

அப்போது மூன்றாகிவிட்டது.
மணி எதுவும் அடிக்கவில்லை.
ஓரங்கள் முதலில் மெலிந்தன, பிறகு நடு.
ஒரு நூல், அதுவும் அறுந்து
கருங்கல், பாசி,
இடுக்கில் சிக்கிய ஒற்றை நீலச் செருப்பு.
"யாரும்மா மூடினா?" என்றான் மகன்.

இரைச்சல் போனதும்தான் அது கேட்டது.
கிறீச். கிறீச்.
நூற்று நாற்பதோ, நாற்பத்தொன்றோ.
காய்ச்சல் விட்ட மாதிரி இவர் முகம் தெளிந்தது.
பைக்குள் கைவிட்டார்.
ரொட்டிக்கு அடியில்
என் பழைய சேலைத் துண்டில் சுற்றி ஒரு ஸ்பானர்.
குந்தி உட்கார்ந்து அரைச் சுற்று.
காதை வைத்துக் கேட்டு
இன்னொரு கால் சுற்று.
"நவநீதன்! நவநீதன்!" என்று
விசிலும் கையுமாக ஓடிவந்த சுமித்
பலகைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.
பாலத்தில் ஏற்கெனவே பத்தரை.

போனில் பதினொரு படம்.
அருவி இருக்கிறதிலெல்லாம் இவர் குனிந்த முதுகு.
இவர் நிமிர்ந்து சிரிக்கிற ஒன்றில்
பின்னால் வெறும் பாறை.
ரொட்டியில் கிரீஸ் வாசம். தின்று முடித்தோம்.

மறுநாள் மலையில் நிரை பிடித்து நின்றபோதும்
என் கால் லேசாக ஆடியது.
தூக்கமா என்றார் கங்காணி.
பதில் சொல்லவில்லை.
அன்றைக்குப் பதினாலு கிலோதான்.
துண்டில் அரைப் பேர் என்று எழுதிக் கொடுத்தார்கள்.
வாசித்துப் பார்த்தேன்,
ர் சரியாகத்தான் இருந்தது.