நாடா நனைந்த இடம்

ஐந்தாம் தேதிக்குள் இருபத்திரண்டு கிணறு.
எஃகு நாடாவின் நுனியில் சாக்பீஸ் தேய்த்து
ஆழ்துளைக்குள் இறக்குவேன்.
மேலே இழுக்கும்போது
வெள்ளை எங்கே கரைந்திருக்கிறதோ
அதுதான் நீர்மட்டம்.
ரீடிங் எடுப்பதென்றால் இவ்வளவுதான்.

காரிமங்கலம் தாண்டி
தக்காளி லாரிகள் திரும்பும் வளைவில்
பதினேழாவது.
பக்கத்துக் கொல்லையில் தீர்த்தகிரி
மோட்டாரை நிறுத்திவிட்டு வருவார்,
பந்தியில் எழுந்து இடம் விடுகிறவர் மாதிரி.
"ஓடினா உனக்குக் கணக்கு தப்பிப்போகும்மா."

இம்முறை நிறுத்தியும் நகரவில்லை.
"ஒரு ரெண்டு மீட்டர்
மேல இருக்குதுன்னு எழுதக்கூடாதா?"

கேட்டுவிட்டு மாமரங்களைப் பார்த்தார்.
இந்தப் பிர்க்காவைச் சிவப்பில் போட்டுவிட்டால்
புது போருக்கு அனுமதி கிடைக்காது என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
மூன்று துளை போட்டவர்.
முந்நூற்றி இருபது, அறுநூறு,
தொள்ளாயிரத்து நாற்பது அடி.
மூன்றாவதில், நடுராத்திரியில்,
ரிக் வண்டிக்காரன் அடிக்கு ரேட் ஏற்றினானாம்.
ஏலச்சீட்டுப் பணத்தை டார்ச் வெளிச்சத்தில் எண்ணினாராம்.
விடியும்போது ஊரெல்லாம் பாறை மாவு,
குழாயில் சுண்டுவிரல் தண்டிக்குத் தண்ணீர்.
"அதுவும் இந்தத் தண்ணி" என்று
பல்லைக் காட்டினார். பழுப்பு.

எனக்கும் அதே பல்தான்.
பென்னாகரத்துக்காரி நான்,
கல்யாண ஆல்பம் முழுக்க
உதடு பிரிக்காமல் சிரித்தவள்.
சொல்லவில்லை.

இரண்டு மீட்டர் என்பது
என் உயரத்தைவிட ஒரு சாண் அதிகம்.
எழுதினால் யாருக்கும் தெரியாது.
நாலாவது துளை விழும்.
எண்பது தப்படி தள்ளி
முனியம்மாளின் போர் காற்றை இறைக்கும்.
"நான் போடலன்னா அந்தம்மா போடும்"
என்றார், நான் வாய் திறக்கும் முன்பே.

இறக்கினேன்.
நாடா தளர்ந்தது: அடியைத் தொட்டுவிட்டது.
இழுத்தேன், இழுத்தேன்,
கை நோக இழுத்தேன்.
தேய்த்த வெள்ளை தேய்த்தபடியே இருந்தது.

கூட்டிப் போட ஓர் எண் வேண்டுமே.
'வறண்டது' என்று எழுதினேன்.
அவர் கட்டைவிரலால்
சாக்பீஸைத் தடவிப் பார்த்து
விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.
பிறகு என்னிடம், என்னிடம்போய்,
"மோட்டாரப் போட்டுக்கட்டுமா?" என்றார்.

தலையாட்டினேன்.

பதினெட்டாவது பள்ளிக்கூட வளாகத்துக்குள்.
இன்டர்வெல் மணிக்கு முன்னால் போய்விட வேண்டும்.
விட்டுவிட்டால் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு
துளைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்பார்கள்:
"தெரியுதா மிஸ்?
மிஸ், தெரியுதா?"