இரண்டு விநாடி

ஆன் செய்தால் இரண்டு விநாடி வெளிச்சம்,
பிறகு இருட்டு.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
கிணற்று ஆழத்துத் தண்ணீர்போல மங்கலாய்
புதுவயல் ஆலையின் குருணைக் கணக்கு
அங்கேயே கிடந்தது.
போனது படமில்லை, விளக்கு.

பிளக்கைப் பிடுங்கி, ஒரு டீ குடித்து,
பழைய ஏடிஎம் கார்டால் முதுகை நெம்பினேன்.
உள்ளே ஒரு கெப்பாசிட்டர்
மண்டை உப்பி, பணியாரம் மாதிரி.
காரைக்குடி செக்காலை ரோட்டில் எட்டு ரூபாய்.
"புதுசே வாங்கிரலாம்ல?" என்றான் சாத்தப்பன்,
டார்ச் பிடித்த கை ஆட.
ப்ளஸ் மைனஸ் மாறி முதலாவது வெடித்தது.
இன்னொரு எட்டு ரூபாய்.

இப்போது எரிகிறது.
மூன்று. நான்கு. ஐந்து.
எண்ணுவதை நிறுத்த முடியவில்லை.
சாத்தப்பன் டார்ச்சை இன்னும் அணைக்கவில்லை.

வெளிச்சத்தில் பார்த்தால்
கணக்கில் இரண்டு மூட்டை உதைக்கிறது.