இரண்டு அடி, ஒரு கார்

நகர்மன்றத்தில் எனக்கு வரைபட வேலை.
ஒற்றைக் குடும்ப வீட்டுக்கு மஞ்சள்,
அடுக்கு வீட்டுக்கு ஆரஞ்சு, கடைக்குச் சிவப்பு.
ஆல்டர் ஃபோர்க் முக்கால்வாசி மஞ்சள்.
விஸ்கான்சின் பனி ஐந்து மாதம் மூடிக்கிடந்தாலும்
தாளில் மஞ்சள்தான்.

ரயில்பாதையை ஒட்டிய பதினேழாம் மனை.
முன்பு டயர் கடை. அது மூடியபின்
யாரும் கேட்காமலேயே மஞ்சளாக்கியிருந்தோம்.
எதிரே வாடகைக்கு இருக்கும் கூ தாவ் அதை வாங்கி
ஆறு வீடு கட்ட மனுப் போட்டார்.
கட்டணம் முந்நூற்றைம்பது டாலர்,
தோற்றாலும் திரும்பாது.

அக்டோபரில் பெக் தெருவின் குறுக்கே
கறுப்பு ரப்பர் குழாயைக் கிடத்தினேன்.
சக்கரம் ஏறினால் உள்ளே காற்று நெரியும்,
பெட்டியில் ஓர் அடி பதியும்.
இரண்டு அடி, ஒரு கார்.
(வாசலுக்கு முன் விடவேண்டிய இருபத்தைந்து அடி
வேறு அடி. அதை நாடாவில் அளப்போம்.)

மூன்றாம் நாள் பேட்டரி பார்க்கப் போனபோது
ஒரு பையன், எட்டு வயதிருக்கும், சிவப்புத் தொப்பி,
குழாய்மேல் குதித்துக்கொண்டிருந்தான்
இரண்டு காலும் சேர்த்து.
புஸ்ஸென்றது. சிரித்தான்.
மறுபடி.
தடுக்க வாயெடுத்தேன்.
வெள்ளிக்கிழமை, மணி நாலே முக்கால்.
வண்டியைத் திருப்பிக்கொண்டேன்.

டிசம்பரில் விசாரணை. ஆளுக்கு மூன்று நிமிடம்.
ஆர்டிஸ் குவாலே தன் தக்காளிப் பாத்தியின்
புகைப்படம் கொண்டுவந்திருந்தார்:
இங்கே வரைக்கும் நிழல் விழும்.
டெல்மர் ப்ரோஷ் கேட்டார்,
பனி தள்ளும் வண்டி எங்கே திரும்பும்?
ஊரின் குணம் கெடும் என்றார் ஒருவர்.
எந்தக் குணம் என்று கேட்க விதியில் இடமில்லை.
இன்னொருவர் ‘அந்த மாதிரி ஆட்கள்’ என்று தொடங்கியதும்
சிவப்பு விளக்கு எரிந்தது;
மூன்று நிமிடம் ஆகவில்லை என்றே நினைக்கிறேன்.

பிறகு என் அறிக்கை. நானே வாசித்தேன்.
நாளொன்றுக்கு நானூற்றுப் பன்னிரண்டு வண்டி.
இதற்குமேல் அந்தத் தெரு தாங்காது என்றார் தலைவர்.

கூ தாவ் எழுந்தார். தாளை இரண்டாக மடித்து
வாசிக்காமலே பேசினார்:
என் அண்ணன் குடும்பம் இரண்டு, மாமியார் வீடு ஒன்று,
மீதி மூன்று யாருக்கானாலும் சரி.
அவருக்குப் பக்கத்தில் சிவப்புத் தொப்பி.
கால் தரைக்கு எட்டவில்லை,
ஆட்டிக்கொண்டிருந்தான்
இரண்டு காலும் சேர்த்து.

நான் எழுந்திருக்கலாம்.
அறிக்கையின் அடியில் என் கையெழுத்து
மை காய்ந்து ஒரு மாதமாகியிருந்தது.

நாலுக்கு மூன்று.
வெளியே கோட்டுப் பொத்தானைப் போட்டபடி ஆர்டிஸ்
கூ தாவின் கையைப் பிடித்துச் சொன்னார்:
“உங்க மேல ஒண்ணுமில்ல, நிழல்தான்.”
அவரும் தலையாட்டினார். பனி பெய்யத் தொடங்கியது,
எல்லா மனையிலும், நிறம் பார்க்காமல் என்று எழுத ஆசை;
பெய்தது, அவ்வளவுதான்.

ஏப்ரலில் மன்றத்துக்குக் கடிதம் எழுதினேன்:
கருவியில் பிழை, மறுபடி எண்ண வேண்டும்.
பிழை கருவியில் இல்லை.
அதையும் எழுதியிருக்கலாம்.

மே மாதம். அதே தெரு, அதே குழாய்.
ஆணி அடித்துக்கொண்டிருக்கையில் நிழல் விழுந்தது.
தொப்பி இல்லை. முன்பல் ஒன்று இல்லை.

“இது எதுக்கு?”
“கார் எண்ண.”
“நான் குதிச்சா?”
“ரெண்டு தடவை குதிச்சா நீ ஒரு கார்.”

மதிலோரம் போய் நின்று யோசித்தான்.
போன அக்டோபரை விரல்விட்டு எண்ணுகிறானோ
என்று பயமாக இருந்தது.
பிறகு ஓடிவந்து
ஒரே தாவலில், குழாயைத் தொடாமல்,
அந்தப் பக்கம் இறங்கினான்.

“இப்ப?”

பெட்டியைத் திறந்து பார்த்தேன்.
எண் மாறவில்லை.
அவனுக்கும் காட்டினேன்.
மூடியை அழுத்திப் பூட்டினேன்.