சாய்கோடு நீக்கிய இரவு

நூக் துறைமுகத்துக்கு மேலே
பனி வரைபட அலுவலகத்தில் இரவு முறை அவளுக்கு.
பெயர் பனின்னுவாக்.
நாம் வாசித்தால் முதலில் பனி தட்டுப்படும்.
அங்கே வெட்டக் கூடாது.
அவள் மொழியில் அது செல்ல மகள்,
முழுசாக ஒரே சொல்.
நமக்கு ஒரு வரி பிடிப்பதை
அங்கே ஒரு சொல்லுக்குள் ஏற்றிவிடுவார்கள்.
இடைவெளியைச் சிக்கனமாகச் செலவழிக்கிற ஊர்.

முனையத்துக்கு வேறு இலக்கணம்.

/பனி/மேற்கு/மார்ச்/விளிம்பு-12
என்று அடித்துவிட்டுப் பார்க்கிறாள்:
பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று.
கன்ட்ரோலும் டபிள்யூவும்.
கடைசித் துண்டு மட்டும் போகும் என்று நினைத்தால்
விளிம்பு, மார்ச், மேற்கு, பனி
எல்லாம் போய்
வெறும் கட்டளை நிற்கிறது, துடிக்கும் சுட்டியோடு.
திரும்ப அடி.
இப்படி எத்தனை குளிர்காலம்!

இரண்டே முக்காலுக்கு
அமைப்புக் கோப்பைத் திறந்தாள்.
சொல்லுக்குள் இருக்கத் தகுதி பெற்ற குறிகள்
வரிசையாக நின்றன:
உடுக்குறி, வினாக்குறி, அடிக்கோடு, சிறுகோடு,
புள்ளி, சாய்கோடு, இன்னும் சில.
எழுத்தாகப் பிறக்காமல்
எழுத்துக்கு உண்டான மரியாதை வாங்கிக்கொண்டவை.
சிறுகோட்டை விட்டுவைத்தாள்.
அது தேதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
புள்ளியையும்.
சாய்கோட்டை மட்டும் எடுத்தாள்.
ஒரே எழுத்து. சேமி. மறுபடி ஏற்று.

டபிள்யூ: விளிம்பு போனது.
டபிள்யூ: மார்ச் போனது.
மேற்கு அசையாமல் இருந்தது.
அவள் தனியாகச் சிரித்தாள்,
சும்மா இரண்டு மூன்று பாதைகளை
அடித்து அடித்து அழித்தாள்.

பிறகு வேலை.
பனி எங்கே முடிகிறது என்று கடலுக்குத் தெரியாது.
தட்டு தட்டாக, பிறகு கூழாக,
பிறகு அங்கொன்று இங்கொன்று.
பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால்
பனி இல்லை என்று வைத்துக்கொண்டு
இவள் ஒரு கோடு இழுப்பாள்.
அந்தக் கோட்டை நம்பி
மீன்பிடிக் கப்பலில் ஒருவன் தூங்குவான்.

ஆறு மணிக்கு மினிக் வந்தான்.
இருவருக்கும் ஒரே பயனர் பெயர், காவல்;
ஒரே இயந்திரம், ஒரே நாற்காலி.
அவள் ஒரு காலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.
வட்டு நிரம்பிவிட்டது, ஏதாவது கழிக்க வேண்டும் என்று
அழி, உள்ளிருப்பது எல்லாம் சேர்த்து அழி,
/பனி/மேற்கு/மார்ச்
என்று அடித்தான்.
சே, இது இல்லை.
ஜன்னலில் ஏதோ விளக்கு நகர்ந்தது, அதைப் பார்த்தபடியே
கன்ட்ரோல் டபிள்யூ, ஒரே தடவை,
பதினோரு வருஷப் பழக்கம்,
/தற்காலிகம்/பழசு என்று தொடர்ந்து
என்டர்.

அப்படி ஒரு கோப்புறை இல்லை
என்றது இயந்திரம்.

ஏன் இல்லை என்று திரும்பிப் பார்த்தான்.
/பனி/மேற்கு//தற்காலிகம்/பழசு.
இரண்டு சாய்கோடு ஒட்டிப்போய்
இரண்டு பாதை ஒரு பொய்யாகி நின்றது.
நடுவில் ஓர் இடைவெளி விழுந்திருந்தால்
அது இரண்டு சொல்.
முதல் சொல் மேற்குக் கரை முழுவதும்.
மினிக்கின் கட்டைவிரல்
இடைவெளிப் பட்டையின் மேல்தான் இருந்தது.

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அவள் அந்த பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வந்து
நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.
பழையபடி மாற்றிவிடட்டுமா?
மினிக் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை.
வேண்டாம் என்றான். பிறகு, தெரியல என்றான்.
காப்பியைக் குடிக்காமலே கையில் வைத்திருந்தான்.

போகும் முன் அமைப்புக் கோப்பில்
அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதினாள்:
# சாய்கோட்டை எடுத்தது நான். ப.

மறுநாள் இரவு வந்து திறந்தபோது
அதற்குக் கீழே:
# தெரியும். இருக்கட்டும்.
# ஆனால் இனிமேல் சொல்லிவிட்டுச் செய். ம.