அண்டி ஆபீஸ் போன்

கருங்கல் சந்தையைத் தாண்டி
ரப்பர் மரங்களுக்கு நடுவே எங்கள் அண்டி ஆபீஸ்.
தல்லுகிற பெண்கள் இருபத்தாறு பேர்.
போன் ஒன்று.
கொல்லத்து முதலாளி வாங்கித் தந்தது,
சிம்மும் அவர் பெயரில்தான்.
தட்டில் பருப்பு நின்ற எடையை
அவரவர் பெயருக்கு நேரே
அவரவரே அடித்து அனுப்ப வேண்டும்.
அதற்கு வேறு வேலை கிடையாது.

ஆனால் ஒரு வேலையோடு நிற்கிற சாமானா போன்?
காலை பதினொன்றுக்கே அன்றைய நெட் தீர்ந்துவிடும்.
யாரோ சீரியல் பார்த்தார்கள்.
யாரோ பேச்சிப்பாறை அணை நிறைந்த வீடியோவை
ஊரெல்லாம் அனுப்பினார்கள்.
நானும்தான். மகனுடைய பிளஸ் டூ மார்க்கை
அதில் பார்த்தேன், இரண்டு நிமிடம்.
களவென்றால் அதுவும் களவுதான்.

பிறகு வந்தது அந்த பில்:
கத்தருக்கு ஓர் அழைப்பு,
நாற்பத்தேழு நிமிடம்.

சூப்பர்வைசர் செல்வின்ராஜ் பூட்டுப் போட்டார்.
"இனி விரல் வைத்தால்தான் திறக்கும்.
கண்டவங்களும் தொட முடியாதாக்கும்."

வரிசையில் நின்றோம்.
ரெத்தினபாய் வைத்தாள்: பதியவில்லை.
சாம்பலைக் கழுவிவிட்டு வைத்தாள்: பதியவில்லை.
லில்லிபுஷ்பம் சேலைத் தலைப்பில் துடைத்து வைத்தாள்.
மீண்டும் முயலவும் என்றது,
முயன்றால் மீண்டும் அதையே.

என் பெருவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
அண்டிக்கறை தின்று தின்று
துணி துவைக்கிற கல் மாதிரி வழவழவென்று இருந்தது.
பதினெட்டு வருடம் தோடு உடைத்த கைக்கு
ரேகை ஏது?
ரேஷன் கடை மெஷினும் இதையேதான் சொல்லும்.
அங்கே கண்ணையாவது காட்டலாம்.

"சாரமில்லை, எடையை நானே போட்டுக்கிடுதேன்"
என்றார் செல்வின்ராஜ்.

போட்டார், மூன்று வாரம்.
ஆறு கிலோ தல்லினவளுக்கு ஐந்தே முக்கால்.
ஏழுக்கு ஆறரை.
கேட்டால் தராசைக் காட்டுவார்,
தராசோ நேற்றைய எடையைச் சொல்லாது.
நெட் மட்டும்
பழையபடி பதினொன்றுக்கே தீர்ந்தது.

அதைக் கவனித்தது ரெத்தினபாய்.
பள்ளிக்கூடம் போகாதவள்,
எண் மட்டும் தராசில் படித்தவள்.
"நம்ம விரல் ஒண்ணும் ஏறல்ல,
பின்னே நெட்டை யாரு தின்னுது பிள்ளே?"

சனிக்கிழமை கொல்லத்திலிருந்து கணக்குப் பார்க்க
ஷைலஜா வந்தாள். போனை வாங்கினாள்.
ஐந்து விரல்தான் இதில் சேமிக்கலாம் என்றாள்,
ஐந்து இடமும் நிறைந்திருக்கிறதே என்றாள்.

"செல்வின் சாரே, கையை ஒருக்கா வையுங்கோ."

பெருவிரல் வைத்தார். பட்டியலில் முதல் வரி மினுங்கியது.
சுட்டுவிரல், இரண்டாவது.
நடுவிரலுக்கு வரும்போது
அடுப்புக்காரி தீயைத் தணித்துவிட்டு வந்து நின்றாள்.
தோடு உடைகிற சத்தம்
ஒவ்வொரு மேஜையாக நின்றது.
மோதிரவிரல்.
சுண்டுவிரல்.
ஐந்து இடம், ஒரே கை.

ஐந்தையும் அழித்தாள்.
வெளிநாட்டு அழைப்பை அடைத்தாள்,
கொல்லத்து ஆபீஸ் எண்ணைத் தவிர
வேறெதற்கும் போகாதபடி சிம்மைக் கட்டினாள்.
ஆறு இலக்கத்தில் ஓர் எண் வைத்தாள்.
தாளில் எழுதக் கூடாது, வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

பூட்டு இப்போதும் இருக்கிறது.
கால் கிலோ திரும்பி வந்தது,
மூன்று வாரத்துக் கால் கிலோக்கள் இன்னும் வரவில்லை.
ரெத்தினபாயின் இடது சுண்டுவிரல் மட்டும்
அண்டி படாத விரல் என்பதால்
ஒருநாள் டக்கென்று பதிந்துவிட்டது.
அதை நீட்டிக்கொண்டே நடக்கிறாள்,
மோதிரம் போட்டவள் மாதிரி.

கத்தருக்குப் பேசினது யாரென்று
இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.
அறிந்தவர்கள் இரண்டு பேர்.
பேசினவள் ஒருத்தி.
குடோன் வாசலில் காவல் நின்றவள் மற்றவள்.
அன்றைக்கு அவளுக்கு
எடை ஒரு கிலோ குறைவு.